ஓவன் ஆறும்வரை

எங்கள் தெருவில் ஒரு கேக்கு வேக வேண்டுமென்றால் முதலில் மில்காரருக்குப் பசிக்க வேண்டும்.

சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். ஆரணியில் எங்கள் நெசவுத் தெரு முடிகிற இடத்தில் ஒரு ரைஸ்மில் இருந்தது. அதன் மோட்டார் ஓட ஆரம்பித்தால் தெருவில் இருக்கிற அத்தனை வீட்டு பல்பும் பூசணிப்பூ நிறத்துக்கு வந்துவிடும். ஃபேன் சுற்றுகிறதா, சும்மா தொங்குகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும். அறுப்பு முடிந்த மாதங்களில் காலையில் போட்ட மோட்டார் ராத்திரி வரைக்கும் ஓடும். நடுவில் ஒரே ஒரு தடவைதான் நிற்கும். மில்காரர் ஜைனர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். விளக்கு வைத்த பிறகு அவர் வாயில் ஒரு பருக்கை படாது. தான் இல்லாதபோது மோட்டார் ஓடக்கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம். ஆகவே சாயங்காலம் அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனால் மில் நிற்கும், தெருவுக்கு முழு கரண்ட் வரும், எங்கள் அத்தை ஓடிப்போய் ஓவன் சுவிட்சைத் தட்டுவாள். அவர் குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் கேக்கு உப்பிவிடும். பாவம், முட்டை போட்ட அந்தக் கேக்கை அந்த மனுஷர் ஒரு நாளும் ருசி பார்த்ததில்லை.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. பெங்களூரில் வாழ்க்கைப்பட்டவள். எனக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும்போது ஒரு நாள் ஒரு துணிப்பையும் ஒரு அட்டைப்பெட்டியுமாக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். பெட்டிக்குள் இருந்ததுதான் ஓவன். வட்டமான அலுமினியப் பாத்திரம், மேலே கனமான மூடி, மூடியின் நடுவில் உள்ளே எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடி. கல்யாணமான புதிதில் மாமா ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்தது என்று அத்தையே சொல்லியிருக்கிறாள். அத்தை எதற்கு வந்தாள் என்று கேட்டதற்கு, "ஒடம்பு சரியில்ல, ரெஸ்ட் எடுக்க வந்துகிறா" என்றாள் அம்மா. ரெஸ்ட் எடுக்க வந்தவள் எதற்கு இவ்வளவு பெரிய ஓவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று நான் யோசிக்கவில்லை. எங்களுக்குக் கேக்கு செய்து கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று முடிவே செய்துவிட்டேன்.

ஆரம்பத்தில் அம்மாவுக்கு அந்தக் கேக்கு பிடிக்கவில்லை. "இன்னா இருக்குது இதுல? குழிப்பணியாரத்த பெருசா ஊத்தின மாதிரி" என்பாள். ஆனால் தெருப் பெண்களுக்குப் பிடித்துவிட்டது. தறி வேலைக்கு நடுவில் ஓடி வருவார்கள். ஒருத்தி மைதா கொண்டுவருவாள், ஒருத்தி டால்டா, ஒருத்தி மாமியாருக்குத் தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டு இரண்டு முட்டை. எல்லாரும் ஓவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, யார் வீட்டில் என்ன குழம்பு, எவளுக்கு இட்லி மாவு பொங்கவில்லை, எவள் புருஷன் ரசத்தில் குற்றம் சொன்னான் என்று பேசிக்கொண்டே கண்ணாடியை எட்டிப் பார்ப்பார்கள். மாவு மெல்ல மெல்ல மேலே எழும்பும்போது "ஐய, வருதுடி வருதுடி!" என்று ஒரு கூச்சல் போடுவார்கள் பாருங்கள், பிரசவம் பார்க்கிற வீடுகூட அப்படி இருக்காது. வெந்ததும் அத்தை வீட்டுக்கு ஒரு துண்டாக வெட்டிக் கொடுப்பாள். கடைசியில் அம்மாவே மாவு சலித்துக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

இப்படி ரெஸ்ட் எடுத்தே அத்தைக்கு ஒரு ஆடி போய் ஒரு தீபாவளியும் போய்விட்டது. மாமா வரவில்லை. பொங்கல் முடிந்த பிறகு, பெங்களூருக்குப் பட்டு நூல் வாங்கப் போய்வரும் தரகர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "ஞாயித்துக்கெழம மாப்ள வரேன்னாரு, வீட்ல இருக்கச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வீடு மாறிப்போயிற்று. அப்பா சந்தைக்குப் போய் வாழையிலை வாங்கி வந்தார். அம்மா கேசரிக்கு ரவை வறுத்தாள். அத்தை தன் புடவைகளை மடித்து மடித்து அந்தத் துணிப்பையில் வைத்தாள். மாமா வந்து அழைத்தால் உடனே கிளம்பிவிட வேண்டும், அவரைக் காக்க வைக்கக் கூடாது என்று அவளுக்கு. எனக்கோ வேறு கவலை. அத்தை போனால் ஓவனும் போகுமே!

"கேசரி கிண்டிட்டேன், வடைக்கு ஊறப் போட்டிருக்கேன். கேக்கெல்லாம் எதுக்கும்மா இந்த நேரத்துல?" என்று அம்மா கேட்டதற்கு அத்தை ஒரே பிடியாக நின்றாள். "இல்ல அண்ணி. அவரு முன்னாடி சூடா எடுக்கணும். அங்க இருக்கும்போது கண்ணாடிகிட்டயே நின்னுகினு இருப்பாரு. மேல எழும்பிச்சின்னா கை தட்டுவாரு." இதைச் சொல்லும்போது அத்தையின் முகம் சின்னப் பெண் முகம் மாதிரி ஆகிவிட்டது. அம்மா மாவு சலிக்க உட்கார்ந்தாள்.

மாமா மதியத்துக்கு மேல் வந்தார். பேண்ட் சட்டை, கையில் ஒரு காலிப் பை. அப்பா தறியை நிறுத்தி வேட்டியால் மூடிவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க மாப்ள. பஸ்ஸுல கூட்டமா?" என்றார். "பரவாயில்ல மச்சான்" என்றார் மாமா. சாப்பாடு வழியிலேயே ஆயிற்று என்று சொல்லிவிட்டார். கேசரித் தட்டையும் தொடவில்லை. காப்பி மட்டும் குடித்தார். அத்தை உள்ளே முட்டையை அடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நிற்கவே இல்லை.

மாவை ஊற்றி, ஓவனைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, மாமா பார்க்கிற மாதிரி வைத்தாள். மில் நிற்கிற நேரம் வந்தது. மில் நிற்கவில்லை. வெயில் எதிர் வீட்டு ஓட்டைவிட்டு இறங்கிவிட்டது. தடதடவென்று மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தை பல்பைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்து, "போயி பாத்துட்டு வாடி, ஜல்தி" என்றாள்.

நான் ஓடினேன். மில்காரர் உமித் தூசியில் வெள்ளையாக நின்றுகொண்டு மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். "நீங்க சாப்பிடப் போவலீங்களா?" என்று கேட்டேன். ஊரில் எந்தப் பிள்ளையும் அவரிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்காது. அவர் சிரித்துவிட்டு, "இன்னிக்கி எனக்கு உபவாசம்மா. தண்ணிகூட கெடையாது" என்றார். வீட்டில் நோன்பாம். சாப்பாடு இல்லை, ஆகவே வீட்டுக்குப் போகிற வேலையும் இல்லை, ஆகவே மில்லும் நிற்காது.

நான் திரும்பி ஓடிவந்து இதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரே வயிறு முட்ட தின்னுகினு கீது, இந்த மனுஷனுக்கு இன்னிக்கித்தானா பட்டினி?" என்று முணுமுணுத்துவிட்டு, அப்பாவை உள்ளே கூப்பிட்டாள். "நீங்க ஒரு வார்த்த போயி சொல்லுங்க. நல்ல மனுஷன், நிறுத்துவாரு. ஒரு அரை மணி நேரந்தான்."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாப்ளைய உக்கார வெச்சிட்டு, கேக்கு சுடணும் மில்ல நிறுத்துன்னு போயி நிக்கறதா? நல்லா கீது ஞாயம்!" என்றார். போகவில்லை. அப்பா முன்கோபி, ஆனால் கல்நெஞ்சக்காரர் இல்லை. அந்த ஒரு வார்த்தையை அவர் கடைசி வரைக்கும் மென்றுகொண்டிருந்தார். வயதான காலத்தில், யாரும் கேட்காமலே, "நான் அன்னிக்கி எழுந்து போயிருக்கணும். நாலு எட்டு. போயிருக்கணும்" என்பார். போயிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று யாராவது எடுத்துச் சொன்னால் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

வேறு வழியில்லாமல் அத்தை அந்த மங்கல் கரண்டிலேயே சுவிட்சைப் போட்டாள். மாவு எழும்பவில்லை. அவள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். மாமா நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. கைக்கடிகாரத்தைத்தான் இரண்டு மூன்று தரம் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து அத்தை மூடியைத் திறந்தாள். ஓரம் கருகி, நடுவில் களி மாதிரி அமுங்கிக் கிடந்தது. ஓரத்திலேயே ஒரு துண்டு வெட்டி, தட்டில் வைத்து, மாமாவிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார், கொஞ்சம் கிள்ளினார், "நல்லாருக்கு" என்று சொல்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். கிள்ளினது விரலிலேயே இருந்தது.

பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். "அம்மா அந்த ஓவன எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காலிப் பை எதற்கு என்று அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கிற்று. அத்தை மட்டும்தான் பேசினாள். "இப்பத்தான் வெந்தது. சூடா கீது. அப்படியே தூக்கினா கை சுட்டுக்கும். ஆறட்டும்" என்றாள்.

ஆகவே எல்லாரும் ஓவன் ஆறுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தோம். இப்படியும் ஒரு காரியம் உலகத்தில் நடக்குமா! நாலு பெரியவர்கள், ஒரு அலுமினியப் பாத்திரத்தைச் சுற்றி. நான் ஒருத்திதான் உற்சாகமாக இருந்தேன். ஓவன் சுடுகிற வரைக்கும் அது எங்கள் வீட்டில்தானே இருக்கும்? கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் மூடியைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் சுடுது மாமா!" என்று கத்தினேன். அவர் கடைசி வேலூர் பஸ்ஸை நினைத்துக்கொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி உட்கார்ந்தார்.

ஆறிவிட்டது. அத்தை ஈரத்துணியால் உள்ளும் புறமும் துடைத்தாள். ஒயரைச் சுருட்டி நூலால் கட்டினாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பையில் வைத்துக் கொடுக்கும்போது, ஒரு சமையல்காரி இன்னொரு சமையல்காரிக்குச் சொல்லியனுப்புகிற மாதிரிச் சொன்னாள். "சுவிட்சு கொஞ்சம் லூசா இருக்குது. ஈரக் கையோட தொட வேணான்னு சொல்லுங்க. யாரு போட்டாலும் சரி."

மாமாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அந்த 'யாரு' யார் என்று அங்கே இருந்த பெரியவர்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் மாமாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்த சேதியைத் தரகர்தான் கொண்டுவந்தார் என்பதும் பெரிய பெண்ணான பிறகுதான் எனக்குத் தெரியும்.

மாமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியதும் நான் ஆரம்பித்தேன். கையைக் காலை உதைத்துக்கொண்டு, மூக்கு ஒழுக, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு அழுகை. அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா தறிமேல் போட்ட வேட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எங்கேயோ வெளியே போய்விட்டார். அத்தை என்னைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தரையில் உட்கார்ந்து முந்தானையால் முதலில் என் முகத்தைத் துடைத்தாள், பிறகு தன் முகத்தை.

"நீ எதுக்குடி இந்த அழுவ அழுவற? எனக்கோசரமா?" என்றாள்.

"இல்ல அத்தே. ஓவனுக்கு."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிற்று. என்னை மடியில் இழுத்துப் போட்டு இறுக்கிக்கொண்டு, "நானும் அதுக்குத்தாண்டி அழுவறேன்" என்றாள்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அத்தையின் துக்கமும் அதே துக்கம்தான் என்றால் பெரிதாக ஒன்றுமில்லையே! "அழுவாத அத்தே, நான் பெரியவளாயி வேற ஒண்ணு வாங்கித் தரேன்" என்று அவள் கன்னத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, மாமா கூடத்தில் வைத்துவிட்டுப் போன தட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தேன்.