நட்சத்திரம் சொன்ன கோள்

மேபல் மிஸ் எந்தக் கோளையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தார் என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் பேசினார், பலர் கைதட்டினார்கள். உயிரோடு இருந்திருந்தால் மேபலே மேடையேறி மைக்கைப் பிடுங்கியிருப்பார். ஆம்பூரில் எங்கள் பெண்கள் பள்ளியில் அவர் இயற்பியல் கற்பித்தார். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களை யார் யாரோ எங்கெங்கோ தேடினார்கள். அதை விடாமல் படித்து, தோல் பதனிடும் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறவர்களின் பெண்களுக்குப் புரியும்படி சொன்னவர் அவர். அந்தப் பெருமை போதும். அவரும் நானும் உயிர்த்தோழிகள் என்றும் பேசினார்கள். அதுவும் சரியல்ல. நான் பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்தியவள். அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள்.

செய்தியைத் தொலைபேசியில் சொன்னவள், வேலூர் பாகாயத்தில் நர்ஸாக இருக்கும் எங்கள் பழைய மாணவி. "ஆக்னஸ் மிஸ், மேபல் மிஸ் போய்ட்டாங்க" என்று அழுதாள். என் கணவர் இறந்தபோது ஆஸ்பத்திரியில் உடனிருந்தவளும் அவள்தான். அன்று அவள் அழவில்லை. துக்கத்தின் நடுவிலும் அது எனக்கு நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், சூரியனைப் போன்ற இன்னொரு நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கோள் இருப்பது தெரிந்துவிட்டது என்று செய்தி வந்தது. மேபல் பாடத்தை நிறுத்திவிட்டு அதையே பேசிக்கொண்டிருந்தார். யாரோ தலைமை சிஸ்டரிடம் சொல்லிவிட்டார்கள். மேபல் ஆசிரியர் அறைக்குள் கோபமாக வந்தார்.

"யாரு சிஸ்டர் கிட்ட கோள் சொன்னது?"

"நான் இல்லை. சொல்றதா இருந்தா உன்கிட்டயே சொல்லியிருப்பேன், போர்ஷன் முடின்னு" என்றேன்.

டிபன் டப்பாவைத் திறந்ததும் கோபம் மறந்துபோனது. மறுபடியும் அந்தச் செய்திதான். "அந்தக் கோள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது ஆக்னஸ். அது இழுக்கிற இழுப்புல நட்சத்திரம் லேசா ஆடும். அந்த ஆட்டத்தை வச்சுத்தான் கோள் இருக்குன்னு கண்டுபிடிக்கிறாங்க."

"அப்படின்னா, பார்க்க முடியாத கோளைப் பற்றி நட்சத்திரமே கோள் சொல்லுதுன்னு சொல்லு" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன். அவர் விக்கல் எடுக்கும்வரை சிரித்தார்.

அன்று பிற்பகல் நான் யாப்பு நடத்திக்கொண்டிருந்தேன். அடுத்த வகுப்பில் சிரிப்பு வெடித்தது. மேபல் சொன்னது என் வாக்கியம்தான். அதற்கு முன் அவர் என்ன சொன்னார் என்பது சுவரைத் தாண்டி வரவில்லை. என் பெண்களும் பேனாவை வைத்துவிட்டு அந்தப் பக்கமே காது கொடுத்திருந்தார்கள். வெண்பாவுக்கு யாரும் அப்படிக் காது கொடுத்ததில்லை.

பள்ளிக் கண்காட்சியில் அவர் ஒரு பல்பை எரியவிட்டார். ஷூ கம்பெனிக் கழிவில் கிடந்த தோல்துண்டை வட்டமாக வெட்டி, நூலில் கட்டி, பல்புக்கு முன்னால் மெல்ல ஆடவிட்டார். போட்டோ ஸ்டுடியோவில் இரவல் வாங்கிய ஒளிமானியின் முள், தோல் வில்லை குறுக்கே வரும்போதெல்லாம் சற்றே இறங்கியது. நட்சத்திரத்தின் ஒளி இப்படி மங்குவதை வைத்தும் சில கோள்கள் அகப்படும் என்றார். "ஒண்ணும் தெரியலையே மிஸ், பல்பு அப்படியேதான எரியுது" என்றாள் ஒருத்தி. "உனக்குத் தெரியலைன்னா அது இல்லைன்னு அர்த்தமா? முள்ளைப் பாருடி" என்றார் மேபல். கண்காட்சிக்கு வந்திருந்த என் கணவர் அங்கேயே நின்றுவிட்டார். நான் பேசிய இலக்கியக் கூட்டங்களில் குறட்டை விட்ட மனிதர் அவர். அன்று சாப்பிட்டு முடிக்கும்வரை, தட்டைச் சுற்றித் தம்ளரை நகர்த்தி நகர்த்தி எனக்கே விளக்கினார். ரசம் சிந்தியது. நான் துடைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை மாணவிகளை ஜவ்வாது மலையிலுள்ள வானாய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனோம். மேகம் மூடிக்கொண்டது. அங்கிருந்த இளம் விஞ்ஞானி வாய்மொழியாகவே விளக்கினார். நடுவில் ஒரு பெண் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டாள். அவர் சிரித்துவிட்டு, "பிரமாதமா இருக்கே, யார் சொன்னது?" என்று கேட்டார். மேபல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளக் கூடாது என்று கன்னியாஸ்திரிகள் சொல்லி வளர்ந்தவள் நான்.

"எங்க ஸ்கூலோடது சார்" என்றார் மேபல்.

திரும்பும்போது பேருந்தில் கேட்டேன்: "ஸ்கூல் எப்ப வாயைத் திறந்து பேசிச்சு?"

"இன்னா ஆக்னஸ், நீயே சொல்லியிருக்கலாம்ல? வாயில இன்னா, கொழுக்கட்டையா?" என்றவர், வாணியம்பாடி வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். மூக்கிலிருந்து நழுவிய கண்ணாடியைக் கழற்றி என் பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது புதிய ஆய்வகச் சுவரில் அந்த வாக்கியத்தைப் பதிக்கப்போகிறார்கள். கீழே மேபல் மிஸ் என்று பெயர். பழைய மாணவிகள், பிழை பார்த்துத் தரும்படி தாளை என்னிடமே கொண்டுவந்தார்கள். "கோளை பற்றி" என்று எழுதியிருந்தார்கள். ஒற்றுப் போட்டுக் கொடுத்தேன். பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு பழக்கம். புதுக் கோள் பற்றிய செய்தி வந்தால் கடைசி வரிவரை படிக்கிறேன். முன்பெல்லாம் தலைப்போடு விட்டுவிடுவேன். மீதியை அவரே வந்து சொல்லிவிடுவார்.

இதைப் படிக்கிறவர்களில் அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு கேள்வி. நான் இல்லாத இடத்தில் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது, அது யாருடையது என்று அவர் சொன்னாரா? என் பெயர் வந்ததா? வந்திருந்தால் எழுதுங்கள். வரவில்லையென்றால் அதையும் எழுதுங்கள். தொலைபேசி வேண்டாம். பள்ளி முகவரிக்கு, என் பெயருக்கு, எழுத்தில் பதில் அனுப்புங்கள்.