பின்வரிசைக்கு ஆள் தேவை

எண்பதுகளின் நடுவில் நான் டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். அந்நாட்டின் யூலாந்துப் பகுதியின் தொழில்முறைக் காற்பந்துக் கழகமொன்று அந்தப் பருவம் முழுக்கக் கோல் வாங்கியே தோற்றிருந்தது. குளிர்கால ஓய்வில் பின்வரிசையைப் புதிதாகக் கட்டுவதற்கு ஆள் தேடுகிறார்கள் என்று அறிந்து, என்னோடு வேலை செய்த அண்ணை தன் காரில் என்னைக் கூட்டிப்போனார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக் காலம் முதலே பின்வரிசை நடுவில் விளையாடியவன் நான்.

பயிற்சியாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டேனிஷில் ஏதோ சொன்னார்.

“உன்னை முன்னுக்கு, ஓரமா விங்கில நிக்கட்டாம். எங்கட ஆக்கள் நல்லா ஓடுவினமாம்,” என்றார் அண்ணை.

“நான் பின்னுக்கு விளையாடுறவன் எண்டு சொல்லேல்லையே?”

“ரெண்டு தரம் சொல்லிப்போட்டன். அதுக்கு மூளை வேணுமாம்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தேர்வு ஆட்டத்துக்கு விசில் ஊதியதும் நேராகப் பின்வரிசைக்குப் போய் நின்றேன். அவர்களுடைய முன்வரிசைக்காரன் கொண்டுவந்த பந்தை உறைந்த தரையில் சறுக்கிப் பறித்தேன். மறுபடி வந்தான், மறுபடியும் பறித்தேன். பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தி எனக்கு வெளிவாசலைக் காட்டினார்.

“விடு தம்பி, அவங்கட கழகம்,” என்றார் அண்ணை காரில். அவர் மீதும் கோபம் வந்தது.

வசந்தத்தில் எங்கள் ஊரின் சின்னக் கழகமொன்றில் பின்வரிசையில் சேர்ந்தேன். அந்தப் பெரிய கழகத்தின் ஆட்டம் எதையும் பார்க்கப் போனதில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை.