மிஸியின் லைட்டுக்கு ஒரு தனி வயர்

எங்கள் ஊர் மருத்துவிச்சி மிஸியின் சைக்கிளை வேறொருவர் தள்ளிக்கொண்டு வந்தார். ஏறி ஓட்டவில்லை. அதைத்தான் முதலில் கண்டேன். காய்ச்சல் கூடி, சண்டையில் பாதை பூட்டியிருந்ததால் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் மிஸி காலமாகிவிட்டார் என்று வந்தவர் என் அப்பாவிடம் சொன்னது பிறகுதான்.

குருக்கள்மடத்திலும் வாவிக்கு அந்தப் பக்கமும் மிஸியின் கையில் பிறந்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டுக்கு அவர் பற்றரி சார்ஜ் பண்ண வருவார். கரண்ட் இல்லாத ஊரில் பிரசவம் பார்க்க அவருக்கு அந்தப் பற்றரியில் எரியும் ஒரு லைட்தான். தண்ணிப் பம்ப் எஞ்சினில் பெல்ட் போட்டு, கார் அல்டனேட்டர் ஒன்றைச் சுழலவைத்து அப்பா சார்ஜ் பண்ணுவார். பள்ளிக்கூடத்தை விட்டபின் நானும் அந்த வேலைதான்.

ஒருநாள் மிஸி பற்றரியை இறக்கி வைத்தார். “புள்ள தலையைக் காட்டுது, லைட் கண்ணை மூடுது. தடவித்தான் கொடியை வெட்டினன்.”

“பற்றரி கிழடாப்போச்சு மிஸி,” என்றார் அப்பா.

“நானுந்தான் கிழடு. விடியுமட்டும் நிக்கன்தானே?”

பிழை எங்கே என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. ஆட்கள் நின்றதால் வாய் வரவில்லை. மிஸி என் முகத்தைப் பார்த்தார். “என்னகா? என்ட காதுக்குள்ள சொல்லு,” என்று குனிந்தார். சொன்னேன்.

சுட வரும் ஹெலியின் சத்தம் எஞ்சின் சத்தத்தில் அமுங்காமல் கேட்கவேண்டும் என்று எஞ்சினை வளவின் கடைசியில் வைத்திருந்தோம். பற்றரிகள் வீட்டு விறாந்தையில். நடுவில் நீண்ட, மெல்லிய வயர். தடித்தது எங்கும் கிடைக்கவில்லை. அல்டனேட்டருக்குள் பூட்டியிருந்த ரெகுலேட்டர் தன் பக்கத்தை மட்டும் பார்த்து, நிறைந்துவிட்டது என்று சார்ஜைக் குறைத்துவிடும். வயரில் போனது போக, பற்றரிக்கு வந்து சேர்வது குறைவு; நிறையக் காணாது.

மிஸி நிமிர்ந்தார். “தம்பி, உன்ட மகள் சொல்றா, அங்க நிறைஞ்சது இங்க நிறையல்லயாம். அளந்து பாரன்.”

அப்பா அளந்தார். எஞ்சினடியில் பதினாலு வோல்ட்டுக்கு மேல். பற்றரியில் பதின்மூன்றுகூட இல்லை.

கைவசம் வேறு ரெகுலேட்டர்கள் இருந்தன. மோட்டார்சைக்கிளினது எங்கள் அல்டனேட்டரோடு ஒத்துவராது. லொறியினது இருபத்துநாலு வோல்ட்; பற்றரியைக் கொதிக்கவைத்துவிடும். பழைய வான் ஒன்றில் கழற்றியதில், பற்றரியைப் பார்க்கவென்றே தனி வயர் இருந்தது. அப்பா உள்ளே இருந்ததைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டினார். தனி வயரை நான் விறாந்தைவரை இழுத்து வந்து பற்றரியில் கொழுவினேன்.

மறுமுறை மிஸி சிரித்துக்கொண்டே வந்தார். “இப்ப பிறக்கிற புள்ள கண் கூசி என்னை ஏசுது கா.”

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, நான் சொன்னதை அவர் தன்னுடையதாகச் சொல்லாதது. ‘உன்ட மகள் சொல்றா’ என்றுதான் தொடங்கினார்.

நேற்று வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து இரண்டு பேர் கார் அல்டனேட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இனி அங்கே பிரசவம் பார்க்கப்போகிறவருக்கு லைட் வேண்டுமாம். அப்பா வீட்டில் இல்லை.

“இது காணுமா தங்கச்சி?”

“எஞ்சினை எங்க வைக்கப்போறீங்க?”

“தூரத்திலதான்.”

“அப்ப இது காணாது, பற்றரியைப் பார்க்க ஒரு தனி வயரும் வேணும்,” என்று இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.