தளம் அடித்த பங்குனி

கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஈரச் சுண்ணாம்பின் மேல் தெளித்தால் எழும்புகிற வாசனையைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்; துவர்ப்பும் இனிப்பும் கலந்து தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்குப் பேச்சு வந்தது அந்த வாசனைக்கு நடுவில்தான்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குச் சற்றுத் தள்ளி, துறைமுகத்துச் சங்கு ஊதினால் பாடத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் தலை நிமிரும்படியான ஓர் ஓட்டுக் கொட்டகைதான் எங்கள் பள்ளிக்கூடம். நான் நாலாம் வகுப்பு. அந்தப் பங்குனியில் கொட்டகையை ஒட்டினாற்போலப் புதுக் கட்டடம் எழும்பி, அதற்கு மேல்தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதெல்லாம் தளத்தை ஊற்றுவதில்லை, அடிப்பார்கள். சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து பரப்பி, பெண்கள் எதிரெதிரே வரிசையாகக் குந்திக்கொண்டு, கைப்பிடி வைத்த மரக்கட்டையால் நாள் முழுக்க ஒரே தாளத்தில் அடிப்பார்கள். கெட்டிப்பட்டுக் கட்டை துள்ளி எழும்பும்வரை விடமாட்டார்கள். ஒருத்தி ஓரடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். மேஸ்திரியின் தொப்பையிலிருந்து அவருடைய சைக்கிள்வரைக்கும் பாட்டில் வந்து மானம் போகும், அவரும் கேட்காததுபோல் பீடி பிடித்துக்கொண்டிருப்பார். வெல்லத் தண்ணீரை மோப்பம் பிடித்து வந்த எறும்புகள் எங்கள் புத்தகப்பைக்குள்ளும் குடித்தனம் வைத்தன.

அடி எடுத்துக் கொடுத்தவள் என் அம்மா. வெண்கலத் தொண்டை அவளுக்கு. அவள் பெற்ற பெண்ணோ, பெயரைக் கேட்டால் முதல் எழுத்திலேயே நின்று தவித்துக் கண்ணில் நீர் வரும்வரை உதட்டை இழுத்துக்கொண்டு நிற்பவள். ஒரே எழுத்தைக் கட்டுக் கட்டென்று அடிக்கிறேன் என்று வகுப்பில் எனக்கு வைத்த பெயர் "தந்தி". ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார்கள், தர்காவில் மந்திரித்த தண்ணீரைக் கொடுத்தார்கள், கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்னார்கள். கல்லை விழுங்கியதுதான் மிச்சம்.

இதெல்லாம் சகித்துக்கொள்ளக்கூடியதாகத்தான் இருந்தது, டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பும்வரை. "எழுத்தெல்லாம் நல்லா இருக்கும்மா. ஆனா பரீட்சையில ஒரு பக்கமாவது வாய்விட்டு வாசிக்கணும். வாசிக்கலன்னா அஞ்சாங்கிளாசுக்கு அனுப்ப மாட்டேன்" என்றார். அருகில் நின்ற மேஸ்திரி தம் பங்குக்கு உதவ வந்தார். "இன்னாத்துக்கு பேஜாரு? என்னாண்ட வுட்டுடு. கட்டை புடிக்க வாயி வேணாம்மே, கையி இருந்தா போதும்."  வெளுத்து வெடித்திருந்த தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள் அம்மா. பாடுகிற அம்மா அன்று சாயங்காலம் வீடுவரைக்கும் பேசாமல் வந்தது எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு காரியம் நடந்தது. கலங்கரை விளக்கத்தைப் பற்றிய பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். எல்லா "க"வும் என்னைக் கொல்லவென்றே அதில் வந்து கூடியிருந்தன. எழுந்தேன், வாசித்தேன், தடையில்லாமல் பாதிப் பக்கம் ஓடியது. வகுப்பே வாயைப் பிளந்தது. எனக்கே நான்தானா என்று இருந்தது. மறுநாள் பகலில் அதே பக்கத்தை வாசிக்கச் சொன்னபோது முதல் சொல்லிலேயே பூட்டு விழுந்தது. "நேத்து தண்ணி மாதிரி வாசிச்ச. இன்னிக்கு என்ன, கொழுப்பா?" என்று டீச்சர் பிரம்பை எடுத்தார். அந்த அடியைவிட, வேண்டுமென்றே செய்கிறாள் என்ற பேச்சுத்தான் எனக்கு வலித்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தவள் ஜமீலா. தையல்காரர் மகள், என் பக்கத்து இடத்துக்காரி, எதையும் விடாமல் நோண்டுகிற புத்தி. "த பாரு, மேல கட்டை வுழுந்துகினு கீது, நீ பேசற. அவங்க சோறு துன்ன எறங்கிட்டாங்க, நீயும் நின்னுட்ட. சத்தம்தான் உன் வாயை தொறக்குது" என்றாள். நான் நம்பவில்லை. அவள் விடுகிறவளா? பள்ளி விட்டு வரும்போது ரயில்வே மதிலோரம் என்னை நடக்கவிட்டு, எழுதுபலகையில் கையால் தட்டிக்கொண்டே வருவாள். தட்டுக்கு ஓர் எட்டு, எட்டுக்கு ஒரு சொல். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் விரைவாக. சொல் மாட்டிக்கொண்டால் நான் வழக்கம்போல முட்டி மோதுவேன். அதற்கு அவள் சொன்னதை இந்த வயதிலும் நான் மறக்கவில்லை: "ஒரு டிராமு பூட்டா இன்னொரு டிராமு வருமில்ல? இன்னாத்துக்கு ஓடிப் போயி தொங்கற? நில்லு. அடுத்த தட்டுல ஏறிக்கோ." தெருவில் போகிறவர்கள் இரண்டு பைத்தியங்கள் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நடந்தோம்.

வாசிப்புப் பரீட்சைக்குள் தளம் முடிந்துவிட்டது. அது வெடிக்காமல் இறுகுவதற்காக மேலே பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கிவிட்டார்கள். அம்மாவும் மற்றவர்களும் கீழே மணலும் சுண்ணாம்பும் சலித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு அமைதியை அந்தக் கொட்டகையில் நான் கேட்டதே இல்லை. என் முறை வந்தது. அதே கலங்கரை விளக்கம். "க" என்று ஆரம்பித்தேன், நின்றது. பின்னாலிருந்து யாரோ "தந்தி" என்று கிசுகிசுத்தார்கள். ஜன்னல் வழியாக அம்மாவின் முதுகு தெரிந்தது.

நானாக முடிவு செய்ததாக நினைவில்லை. என் கை பெஞ்சின் மேல் விழுந்தது. மறுபடி விழுந்தது. டீச்சர் பிரம்பை ஓங்கி "கையை எடு" என்று அதட்டுவதற்குள் ஜமீலாவும் தன் பங்குக்குத் தட்டினாள். மாதம் முழுக்கக் கட்டைச் சத்தம் கேட்டுக் காதுக்குள் ஊறிப்போன பிள்ளைகளல்லவா, ஒவ்வொரு வரிசையாகச் சேர்ந்துகொண்டார்கள். முதல் டிராமை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன். கப்பலும் கடலும் கரையும் வந்து வந்து விழுந்தன; நான் நிற்கவே இல்லை.

கூச்சல் போட்டுக்கொண்டு மேஸ்திரி ஓடி வந்தார். "எவ அவ? தண்ணி கட்ன தளத்து மேல கட்டை போடறது? வெடிச்சி பூடும், கலீஜ் பண்ணாதீங்க!" அண்ணாந்து பார்த்திருக்கிறார், மேலே ஒருவரும் இல்லை, சத்தம் மட்டும் வருகிறது, குழம்பிப்போய் எங்கள் வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அம்மா. டீச்சர் ஓங்கிய பிரம்பை எப்போது கீழே இறக்கினார் என்று நான் பார்க்கவில்லை. "இரு மேஸ்திரி. பொண்ணு வாசிக்குது, முடிக்கட்டும்" என்று அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

முடித்தேன். பக்கத்தின் கடைசிப் புள்ளிவரை முடித்தேன். இவ்வளவு நேரம் தொடர்ச்சியாக என் குரலை அம்மா கேட்டது அதுதான் முதல் தடவை. சுண்ணாம்புக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் வெள்ளை. மேஸ்திரி பக்கம் திரும்பி, "கையி இருந்தா போதும்னியே, கேட்டுகினியா எம் பொண்ணு வாயை? உன்னாண்ட அவ வரமாட்டா, போ" என்றாள். அன்று மத்தியானம் மணல் சலிக்கும்போதே ஒரு புதுப் பாட்டு கட்டினாள். அதில் மேஸ்திரி பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது.

பெஞ்சில் தட்டியது பிறகு தொடைக்கு மாறியது, தொடையிலிருந்து விரலுக்கு, விரலிலிருந்து செருப்புக்குள் கால் கட்டைவிரலுக்கு. பிற்காலத்தில் தொழிற்சங்கத்தில் சேர்ந்து, திருவொற்றியூரில் ஆலை வாசல்களில் ஒலிபெருக்கி வைத்து, அங்கே வேலை செய்த பெண்களுக்காக நான் எத்தனையோ கூட்டங்களில் முழங்கியிருக்கிறேன். மேடைக்குக் கீழே நின்ற ஒருவருக்கும் அந்தக் கட்டைவிரலைத் தெரியாது. ஜமீலாவுக்கு மட்டும் தெரியும்; முன்வரிசையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

டிராம் போய்விட்டது. ஜமீலாவும் அம்மாவும் போய்விட்டார்கள். இப்போது தளத்தை லாரியில் கொண்டுவந்து ஒரே நாளில் ஊற்றிவிடுகிறார்கள். போன மாதம் அந்தப் பள்ளிக் கட்டடத்தையும் இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். சுவரெல்லாம் சரிந்து கிடந்தது. மேல்தளத்தின் ஒரு பெரிய துண்டு மட்டும் இயந்திரத்துக்கு மசியாமல் கிடந்தது. ஓட்டுகிற பையன் இறங்கி வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னாத்த போட்டு அடிச்சானுங்களோ, ஒடைய மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டான்.

"க" தொண்டையில் வந்து நின்றது. நான் முட்டவில்லை. செருப்புக்குள் கட்டைவிரல் ஒரு தட்டு தட்டியது.

"கட்டையால அடிச்சதுப்பா. எங்கம்மா அடிச்சது" என்றேன்.