காற்றில் சாய்ந்த கேட்

என் மகளுக்கு நான் மூவாயிரம் தர வேண்டியிருந்தது. நான்கு வருடக் கடன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று இந்த வெல்டிங் பட்டறை என்னுடையது, கட்டிடமும் என்னுடையது. கம்பியைக் கையில் தூக்கினாலே எடை சொல்லிவிடுவேன். தராசு அப்புறம்தான் ஒத்துக்கொள்ளும்.

அப்போது மகளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். பட்டறைத் தரையில் சாக்பீஸால் ஒரு கேட் வரைந்தாள். கம்பியெல்லாம் காற்றடித்த புல் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. திட்ட வாயெடுத்தேன். அதற்குள், வீட்டுக்கு கேட் செய்யச் சொல்ல வந்திருந்த மருந்துக்கடைக்காரர், "இதையே செஞ்சு குடுங்கண்ணே" என்றார். நான் சொன்ன விலைக்கு மறுபேச்சில்லை. "உன் பங்கு மூவாயிரம்" என்று அவளிடம் வாய்விட்டுச் சொன்னேன். கொடுக்கவில்லை. சின்ன வயதில் கையில் காசு புரண்டால் தலைக்கனம் வந்துவிடும் என்று நினைத்தேன்.

அதன் பிறகு அவள் எதை வரைந்தாலும் அளவு டேப்போடு பக்கத்தில் நின்றேன். இந்த வளைவு வீண், அந்த இடத்தில் வெல்டு நிற்காது, நேராகப் போடு. சொன்னதெல்லாம் சரிதான்; தொழிலில் என்னை ஒருத்தன் குறை சொல்ல முடியாது.

போன வாரம் பல் டாக்டரம்மா வந்தார். "மருந்துக்கடைக்காரர் வீட்டு கேட் மாதிரி, ஆனா அதே இல்ல, புதுசா வேணும்." பெருமையோடு மகளைக் கூப்பிட்டேன்.

"என்ன டிசைன்ப்பா?"

"உன் இஷ்டம்மா."

"நேர் கம்பியா, டைமண்டா?"

"நீயா யோசிச்சுப் போடு."

"யோசிச்சுட்டேன்ப்பா. கம்பிக்குக் கம்பி நாலு இஞ்ச்தானே?"

கிண்டல் செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

மூன்று நாள் கழித்துத் தாளைக் கொடுத்தாள். அளவு ஒரு நூல் பிசகவில்லை. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தரும் அதே நேர் கம்பி கேட். டாக்டரம்மா பார்த்துவிட்டு, தாளை மடித்து என்னிடமே தந்துவிட்டுப் போனார்.

"நாலு வருஷமா டேப்பப் பிடிச்சீங்கல்ல, இப்ப சாக்பீஸையும் நீங்களே பிடிங்க" என்றாள் வீட்டுக்காரி. பிடித்துப் பார்த்தேன், பொய் சொல்வானேன். எனக்கு வந்ததும் நேர்கோடுதான்.

வேறு வழி தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டேன்.

"அந்தப் பழைய கேட்டுக்கு உன் பங்கும்மா. கைய நீட்டு."

நீட்டினாள். முப்பது நூறுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன். எண்ணி முடித்த பிறகும் அவள் விரல்களை மடக்கவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்வதற்காக, நீட்டிய கையோடு நின்றாள்.