திரிந்த பாலும் பச்சை இலையும்

போடிக்கு ரயில் வராத காலம் அது. மலைக்குப் போக வேண்டுமென்றால் காலைத்தான் நம்ப வேண்டும். என் வீட்டுக்காரர் அப்படி நடந்து இறங்கி, சிலமலையில் எங்கள் வீட்டு வாசலில் மூன்றாம் தடவையாக வந்து நின்றார். மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்து பங்களாவில் அவர் சமையல்காரர். கல்யாணமாகி எட்டு நாள் என்னோடு இருந்துவிட்டு மலையேறிப் போனவர், என்னைக் கூட்டிப்போக அதற்குள் இரண்டு தடவை வந்துவிட்டார். இரண்டு தடவையும் என் ஆத்தா சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். முதலில் ஆடி மாசம் என்றாள், அப்புறம் அடைமழை என்றாள்.

"இந்தத் தடவையும் வெறுங்கையோட அனுப்புனா, மாப்ள வீட்ல பஞ்சாயத்தக் கூட்டிக் கல்யாணத்தத் தீத்து விட்ரச் சொல்லுவாங்க" என்று அய்யா அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஆத்தா கல்நெஞ்சுக்காரி இல்லை. ஏலக்காய் எடுக்க மலையேறிய அவளுடைய தம்பி காய்ச்சலில் அங்கேயே போய்விட்டார். மலை என்றாலே அவளுக்கு அந்தத் தம்பி முகம்தான். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். வேறு எதையாவது பிடித்துக்கொண்டு சண்டைக்கு நிற்பாள். அன்றைக்கு அவள் பிடித்தது சமையலை.

"வெள்ளக்காரனுக்குக் கண்டதையும் ஆக்கிப் போடுற கையி. அந்தக் கையாலதான எம் மகளுக்கும் ஆக்கிப் போடுவாரு?" என்று அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று, கூடத்தில் இருந்தவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. கதவிடம்தான் பேசுவாள்.

அவரும் கோபப்படாமல் அய்யாவைப் பார்த்துப் பதில் சொன்னார். "மாமா, துரைசாணியம்மா தெனமும் மத்தியானம் சாப்புடறத இங்கயே செஞ்சு காட்டுறேன். கறி இல்ல, முட்ட இல்ல. அத்தை பாத்துட்டு அப்புறம் சொல்லட்டும்."

ஓர் ஆண்பிள்ளை, அதுவும் மருமகன், மாமியார் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தார். ஆத்தா கதவு மறைவிலேயே ஒதுங்கினாள், அய்யா நிலைப்படியில் வந்து நின்றார். தெருவுக்குத் தெரிந்தால் சிரிப்பாய்ச் சிரித்திருக்கும். நான் நெல் குதிரின் ஓரமாக, நெல்லெடுக்க வந்தவள் மாதிரி நின்றுகொண்டேன்.

மலையிலிருந்து கொண்டுவந்த கூடையை அவிழ்த்தார். ஈரத்துணிக்குள் ஒரு கீரை, உருண்டையாக, கோசுபோலச் சுருண்டிருந்தது. லெட்டூஸ் என்றார். ஆசையை அடக்க முடியாமல் ஓர் இலையைத் தொட்டேன். கன்றுக்குட்டியின் காது மாதிரி அவ்வளவு மெல்லிசு! மூன்று தண்ணீரில் அலசி, ஒவ்வோர் இலையாக எடுத்து வேட்டித் துணியில் ஒற்றி ஒற்றி வைத்தார். ஒரு கட்டுக் கீரையை ஒரே முக்கில் அலசி உதறுகிற வீடு எங்களுடையது. ஓர் இலைக்கு இத்தனை உபசாரமா என்று எட்டிப் பார்த்தேன்.

"ஈரம் இருந்தா எண்ணெ ஒட்டாது, புள்ள" என்றார். அந்தத் தடவை வந்ததிலிருந்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பிறகு பால் கேட்டார். காலையில் கறந்த பால் ஒரு படி இருந்தது. பாயசம் வைக்கப் போகிறார் என்று நினைத்து ஆத்தாவே எடுத்துக் கொடுத்தாள். பால் பொங்கி மேலே வரும்போது அரை எலுமிச்சம்பழத்தை எடுத்து அதில் பிழிந்தார் பாருங்கள்!

"அடி ஆத்தி!" என்று ஆத்தா தலையில் அடித்துக்கொண்டாள். "கெட்டுச்சு குடி! பொண்ணக் கூப்புட வந்த வீட்ல, வெள்ளிக்கெழமையும் அதுவுமா, பாலத் திரிய வச்சிட்டாரே!"

எங்கள் பக்கத்தில் பால் தானாகத் திரிந்தாலே அன்றைக்கு நல்ல சோலி எதையும் தொடங்க மாட்டார்கள். புதுப்பெண் போன வீட்டில் பால் பொங்க வேண்டும். திரிந்தால் குடும்பம் இரண்டுபடும் என்பார்கள். இந்த மனுஷரோ, ஆறு வருஷமாக பங்களாவில் தினமும் பாலைத் திரித்துத் திரித்து, அது ஊருக்கு ஆகாத காரியம் என்பதையே மறந்திருக்கிறார். கையில் பிழிந்த எலுமிச்சையோடு, முகம் கறுத்து நின்றார்.

"தெரியாமப் பண்ணிட்டேன் மாமா. கொட்டிரட்டுமா?"

"கொட்டிட்டு நடையக் கட்டச் சொல்லுங்க" என்றாள் ஆத்தா, கதவைப் பார்த்து. அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பேச்சு முடிந்தது என்பதற்கு அவர் காட்டுகிற அடையாளம் அது.

எல்லாரையும்விடப் பயப்பட வேண்டியவள் நான். ஆனால் என் கண் பானைக்குள் இருந்தது. பால் ஒரு நடுங்கு நடுங்கி, வெள்ளை வெள்ளையாக உடைந்து, உடைந்ததெல்லாம் ஒன்றையொன்று தேடிப்போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் தண்ணீர் இளம்பச்சையாகத் தெளிந்து நின்றது. பிறந்ததிலிருந்து பால் காய்ச்சுகிறேன், பாலுக்குள் இப்படி ஒன்று இருக்கிறதென்று எனக்கு யாரும் சொல்லவில்லையே! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"கொட்டாதீங்க. முடிங்க" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அய்யா திரும்பிப் பார்த்தார். ஆத்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் ஒரு துணியை விரித்து அதில் பாலை வடித்தார். துணியின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் நின்று முறுக்கினோம். முறுக்கிய மூட்டையை அம்மிக்குழவிக்கு அடியில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவிழ்த்தால் வெள்ளைவெளேரென்று ஒரு கட்டி. துரை வீட்டில் அதற்குச் சீஸ் என்று பேராம். தகர டப்பாவில் வருவது வேறு தினுசு, தினப்படிக்கு இதுதான் என்றார்.

அது இறுகுவதற்குள் கூடையிலிருந்த கமலா ஆரஞ்சை உரித்து, சுளையின் மேல்தோலையும் எடுத்துவிட்டார். ஒரு சுளைகூட உடையவில்லை. வறுத்த நிலக்கடலையைத் தோல் ஊதி ஒன்றிரண்டாகத் தட்டினார். கிண்ணத்தில் நல்லெண்ணெய் கொஞ்சம், எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகுத்தூள் எல்லாம் போட்டுக் கரண்டியால் அடிக்க அடிக்க, ஒட்டாத எண்ணெயும் சாறும் கூடிக் குழம்பாகிவிட்டன. இலையைக் கத்தி படாமல் கையால் கிள்ளிப் போட்டு, விரல் நுனியால் புரட்டினார். ஓர் இலைகூடக் கசங்கவில்லை. எட்டு நாள் கூடவே இருந்தும் அவருடைய குறட்டையைத் தவிர எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இந்தக் கைகளை அன்றுதான் பார்த்தேன்.

"கடுகு தாளிக்கலையா மாப்ளே?" என்றார் அய்யா, மனசு கேட்காமல்.

"இதுக்குத் தாளிப்புக் கெடையாது மாமா. சூடு பட்டாச் சுருண்டு போகும்."

தட்டில் பச்சையும் வெள்ளையும் ஆரஞ்சும் பளபளத்தன. வேகாத கீரையை நாங்கள் மாட்டுக்குத்தான் போடுவோம். யாரும் கை நீட்டவில்லை. பெரியவர்கள் இருக்கும்போது பெண்பிள்ளை முதலில் கை வைக்கலாமா? வைத்தேன்.

இலை நொறுங்கிய சத்தம் காதுக்குள் கேட்டது. அப்புறம் ஆரஞ்சு உடைந்து இனித்தது. கடலை கடிபட்டது. அந்தப் பால்கட்டி பால் மணத்தோடு நாக்கில் கரைந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது, எல்லாம் சேர்ந்தும் தெரிந்தது. என் ஆயுசில் அப்படி ஒன்றைத் தின்றதே இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் சத்தமாகச் சிரித்தேன்.

ஆத்தா கதவை விட்டு வெளியே வந்தாள். அவரைத் தாண்டி என்னிடம் வந்து நின்று, என் முகத்தையே பார்த்தாள்.

"போறதுன்னு முடிவு பண்ணிட்டியாடி?"

தலையாட்டினேன்.

ஆத்தா என் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்தாள்.

"எனக்கும் ஒரு வாய் குடு. அங்க போயி நீ என்னத்தத் திங்கிறன்னு எனக்குத் தெரிய வேணாமா?"