றெஜினாவின் சாவை விபத்தென்று எழுதமாட்டேன்

விடியற்காலையில் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றபோது வயற்பக்கமிருந்து அக்காவின் கத்தல் கேட்டது. "ஐயோ, ஓடி வாங்கோ! வரம்பில ஆரோ பொம்பிளை விழுந்து கிடக்கிறா!" கேத்திலைப் போட்டுவிட்டு ஓடினேன். குளக்கட்டுக்குக் கீழே, கதிர் முற்றிய வயலோரம் றெஜினா குப்புறக் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே தோல் கருகியிருந்தது. யானைக்கென்று இழுத்த மின்சார வயர் அவரைக் கொன்றிருந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி வயல் செய்யும் எங்கள் கமக்காரர் அமைப்பில் கேட்டார்கள். நான் அதன் செயலாளர், றெஜினாவோடு கூட வேலை செய்தவன். "எதிர்பாராத விபத்து எண்டு ஒரு வரி போடுங்கோ, காணும். மிச்சத்தைக் கிண்டாதேங்கோ" என்றும் சொன்னார்கள். அந்த வரியை நான் போடமாட்டேன். அவரைத் தெரிந்த உங்களுக்கு, அவர் எப்படி இருந்தார், எப்படிச் செத்தார் என்ற இரண்டையும் சொல்கிறேன். பிடிக்காவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்து எறியுங்கள்.

முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்தவர். தகப்பனின் படகில் வழிகாட்டும் கருவியை உப்புத் தின்றபோது தானே கழற்றிப் பூட்டிப் பழகியவர். பிறகு வவுனியாவில் படித்து, பூவரசங்குளத்துப் பக்கம் எங்கள் வயல்களுக்கு யானைப் பெட்டி பூட்ட வந்தார். பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு போட், சில்லுகள் பதித்த மின்சுற்றுப் பலகை. அதுவே ஒரு முழுக் கணினி. அதனோடு ஒரு கமரா, ஒரு சைரன். காட்டோரத்தில் கமரா யானையைக் கண்டால் சைரன் ஊதும், எங்கள் போன்களுக்குப் படம் வரும்.

முதல்நாள் பெட்டி எழும்பவேயில்லை. போட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது, பக்கத்துப் பச்சை விளக்கு சிமிட்டவில்லை. "சிவப்பெண்டால் கரண்ட் வருது. பச்சை சிமிட்டாட்டில் மெமரி சிப்பில இருந்து ஒண்டையும் வாசிக்கேல்லை. இதை ஆர் செய்தது?" என்றார் றெஜினா. எங்கள் பொருளாளர் பெருமையாகக் கையைத் தூக்கினார். போன் கடையில் பாட்டு ஏற்றுவதுபோல, அனுப்பிய ஃபைலை அப்படியே சிப்பில் கொப்பி பண்ணிக் கொண்டுவந்திருந்தார் மனிசன். "உதில பாட்டே கேக்கப்போறீர், விசரா! உதை அதுக்குரிய முறையில எழுதவேணும்!" றெஜினா எறிந்த சிப் பொருளாளரின் நெஞ்சில் வந்து பட்டது. பிறகு புல்லுக்குள் அதைத் தேடி எடுத்து, துடைத்து, தன் மடிக்கணினியில் போட்டு ஒழுங்காக எழுதியதும் றெஜினாதான். பச்சை விளக்கு சிமிட்டியபோது பொருளாளர்தான் முதலில் கைதட்டினார்.

அதற்குப் பிறகு வந்த பிழைதான் எங்கள் உயிரை வாங்கியது. யானை வராத நேரமெல்லாம் பெட்டி நல்ல பிள்ளையாக இருக்கும். யானை வந்தால் சைரன் "கீய்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். அப்படி அடங்கிய ஒருநாள், நெல் மணத்துக்கு வந்த தனியன் யானை ஒரு வீட்டுக் குசினிச் சுவரை இடித்துத் தலையை உள்ளே விட்டது. சுவர் விழுந்து அந்த வீட்டுக்காரரின் விலா எலும்பு முறிந்தது. "யானையைக் கண்டு பெட்டிக்கும் பயம் பிடிச்சிட்டுது" என்று ஊர் சிரித்தது. றெஜினா சிரிக்கவில்லை. என் போனில் ஒரு யானைப் படத்தை எடுக்கச்சொல்லி, அதைப் பிடித்தபடி என்னைக் கமராவுக்கு முன்னால் நிறுத்தினார். "இப்ப நீர்தான் யானை. ஆடாமல் நில்லும்." சைரன் கீய் என்றது, சிவப்பு விளக்கு அணைந்தது, போட் முதலிலிருந்து எழும்பத் தொடங்கியது. மீற்றரை வைத்துப் பார்த்தார். ஐந்து வோல்ட் நிற்கவேண்டிய இடத்தில் நாலரைகூட இல்லை.

"ஒரு சட்டிச் சோறு, சாப்பிட ரெண்டு பேர். சைரன் பெருந்தீனிக்காரன், ஒரே வாயில முழுங்கிப்போடுறான். போட் பட்டினியில மயங்குது" என்றார். கத்தியை எடுத்து, எங்கள் ஆட்கள் பூட்டியிருந்த நூல்போன்ற வயரைத் துண்டு துண்டாக வெட்டி வாய்க்காலில் எறிந்தார். போட்டுக்குத் தடித்த கட்டைக் கேபிளும் தனிப் பற்றரியும் வைத்தார். சைரனுக்கு வேறாக ஒரு புதுப் பற்றரி. "முதல் கரண்டைப் பாரும், பிறகு போட்டைத் திட்டும்" என்பது அவரது வாய்ப்பாடு. அந்தப் போகம் முழுவதும் சைரன் ஊதியது. தனியன் எங்கள் பக்கம் தலைவைக்கவில்லை.

என் அக்காவின் கணவர் சிவராசா அத்தானுக்குப் பெட்டியில் நம்பிக்கை கிடையாது. ஒரு கூட்டத்தில் எழும்பி, "சத்தம் போட்டுக் கலைச்சால் நாளைக்குத் திரும்பவும் வரும். வீட்டு லைனில இருந்து ஒரு கம்பி இழுத்தால் ஒரேயடியாய்க் கிடக்கும்" என்றார். றெஜினா கதிரையைத் தள்ளிக்கொண்டு போய் அவரின் சேட்டுக் கொலரைப் பிடித்தார். "உம்மட கம்பி ஆள் பார்த்தோ பிடிக்கும்? மாடு சாய்க்கப் போற பிள்ளையைப் பிடிச்சால் ஆர் பதில் சொல்லுறது?" "கையை எடடி" என்றார் அத்தான். பளீரென்று அத்தானின் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "கடற்கரைக்காரிக்கு என்ன திமிர்" என்று அக்கா மாதக்கணக்காகப் புறுபுறுத்தாள். உள்ளதைச் சொன்னால், அந்த அறையில் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

இந்தக் காலபோக அறுவடைக்குச் சற்று முன் அத்தானின் உழவு இயந்திரம் பற்றரி செத்து நின்றது. அவர் ஒருவரையும் கேட்கவில்லை. சைரனின் பற்றரியைக் கழற்றிக்கொண்டு போய், தன் செத்த பற்றரியை அந்த இடத்தில் வைத்துவிட்டார். அன்றிரவு யானை வந்தது. போன்களுக்குப் படம் வந்தது, சைரன் ஊதவில்லை. நாங்கள் எழும்பி ஓடுவதற்குள் அத்தானின் வயலே சப்பளிந்துபோய்க் கிடந்தது. அவர் பெட்டியைத் திட்டினார், றெஜினாவைத் திட்டினார். மறுநாள் பின்னேரம், ஒருவருக்கும் சொல்லாமல், வீட்டிலிருந்து கம்பி இழுத்தார்.

அதே பின்னேரம் நான் றெஜினாவுக்குப் போன் எடுத்தேன். "படம் வந்ததெண்டால் போட் உயிரோடதான் கிடக்கு. அப்ப சைரன்ர பற்றரிதான் பிழை. ஒருத்தரும் தொடாதேங்கோ, விடிய வாறன்" என்றார். சொன்னபடியே விடிய வந்தார்.

நான் ஓடிப்போய் நின்றபோது அத்தான் லைனை நிறுத்திவிட்டு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "விடியமுன்னம் நிப்பாட்டுவம் எண்டு இருந்தனான், நித்திரையாய்ப் போனன். மச்சான், நீ ஒண்டும் காணேல்லை. யானை கலைச்சு விழுந்தவ எண்டு சொல்லு." சைரனின் பற்றரியைப் பார்க்கப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே, ஆணியால் அத்தானின் பெயர் கீறிய பழைய பற்றரி இருந்தது. கிடந்த மண்வெட்டியை எடுத்து அதன் பிடியால் அவரை அடித்தேன். அவர் என் தொண்டையைப் பிடித்தார். றெஜினா கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு பேரும் வாய்க்காலுக்குள் உருண்டோம். வயர்ச் சுருளைப் பறித்து, பொலிஸ் வரும்வரை அதன்மேல் குந்தியிருந்தேன். அக்கா என் முன்னால் நின்று மண் அள்ளித் தூற்றினாள். "நீ நாசமாய்ப் போவாய்! உன்ர குடி விளங்காது!" மண் என் வாய்க்குள்ளும் போனது. நான் எழும்பவில்லை.

பிரேத அறை வாசலில் றெஜினாவின் தாயார் என் கையைப் பிடித்துக் கேட்டார். "தம்பி, என்ர பிள்ளையை யானையே அடிச்சது? இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் கதைக்கினம்." சுற்றி நின்ற எங்கள் ஊரவர்கள் என் வாயையே பார்த்தார்கள். "இல்லை அம்மா. கரண்ட் வயர். என்ர அக்காவின்ர மனிசன் இழுத்தது" என்றேன். அவர் என் கன்னத்தில் அறைந்தார். மறுபடியும் அறைந்தார். பிறகு என் தோளில் தலையை முட்டிக்கொண்டு குழறினார். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.

அத்தான் இப்போது மறியற் சிறையில் இருக்கிறார். வயரைச் சுருட்டியதைக் கண்டு, அதைச் சொல்லக்கூடிய சாட்சி நான் ஒருவன்தான். போன கிழமை அக்கா வந்தாள். கத்தவில்லை, அழுதாள். "உனக்கு அவள் ஆர்? நான் உன்ர கூடப்பிறந்தவள். என்ர பிள்ளையளை நடுத்தெருவில விடப்போறியோ?" எனக்கு அக்காவின் மேல் இன்னமும் பாசம்தான். அந்தப் பிள்ளைகளை என் தோளில் வைத்து வளர்த்தவன் நான். "என்னோட வேலை செய்தவ, அக்கா" என்றேன்.

றெஜினாவின் கருவிப் பெட்டியைத் தாயார் கொண்டுபோய்விட்டார். றெஜினாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவரது கோபம் மட்டும்தான். அதை ஆறவிடாமல் வைத்திருக்கிறேன். கோட்டுக்குச் சாட்சி சொல்லக் கூப்பிடும் நாளில் அக்கா வீட்டு வாசற்படலையைத் தாண்டித்தான் நான் பஸ்ஸுக்கு நடக்கவேண்டும். அவள் படலையில் நிற்பாள். நான் போவேன்.